டிஸ்ப்ளே பீஸ்

எங்கள் குடியிருப்பில் காலையில் எல்லா வீட்டு மிக்ஸிகளும் ஒரே குரலில் ஓடும். கீழே தேங்காய்ச் சட்னி, பக்கத்தில் பூண்டு மிளகாய், எங்கள் வீட்டில் இஞ்சி. அரைபடுவது வேறு வேறு, சத்தம் ஒன்று. காரணம், அத்தனை மிக்ஸிகளையும் தேர்ந்தெடுத்தது ஒரே ஆள். முதல் மாடி மாமா.

கூர்ந்து கேட்டால் அந்தச் சத்தங்களுக்கு நடுவே இன்னொன்றும் கேட்கும். தொண்டை கட்டியது போல, நின்று நின்று. அது மாமாவின் வீட்டு மிக்ஸி. அதன் மூடி பூட்டாது. மாமி ஒரு கையால் மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஸ்விட்சைத் திருப்புவார். மூடியிலிருந்து கை நழுவினால் சுவரெல்லாம் சட்னி. தன் வீட்டுக்கான மிக்ஸியை மாமா இன்னும் தேர்ந்தெடுத்து முடிக்கவில்லை.

மயிலாப்பூரில் எங்கள் தெருவில் யாரும் அவரைக் கேட்காமல் ஒரு பொருள் வாங்கியதில்லை. ஃப்ரிட்ஜ், கிரைண்டர், சீலிங் ஃபேன், தண்ணீர் சுத்திகரிக்கும் கருவி என்று எதுவாக இருந்தாலும் அவரைத்தான் கேட்பார்கள். கடைக்குக் கூடவே வருவார். கதவைத் திறந்து மூடி, ரப்பரைத் தடவி, பின்பக்கம் குனிந்து, காதை வைத்துக் கேட்டு, கடைசியில் ஒன்றைக் காட்டுவார். அது பல வருடம் உழைக்கும். அவர் தப்பாகச் சொல்லி நான் பார்த்ததில்லை.

அவரிடம் சில விதிகள் இருந்தன. புது மாடல் வந்தவுடன் வாங்கக் கூடாது, முதலில் வாங்கியவன் தலையில்தான் எல்லாக் குறையும் விடியும். கடைக்காரன் எதை முதலில் எடுத்துக் காட்டுகிறானோ அதை வாங்கக் கூடாது, அது அவன் தள்ளிவிட நினைப்பது. எல்லாவற்றுக்கும் மேலே, டிஸ்ப்ளே பீஸைத் தொடவே கூடாது.

"ஊர்ல இருக்கறவன் கையெல்லாம் பட்டது. சும்மா குடுத்தாலும் வேண்டாம்னு சொல்லிடணும்." இதைச் சொல்லும்போது யாரோ சாப்பிட்ட எச்சில் தட்டைப் பார்த்தது போல முகம் சுளிப்பார்.

என் அப்பா ஒருமுறை அவருக்குத் தெரியாமல் டிவி வாங்கினார். கடையில் மாட்டியிருந்தது, நல்ல தள்ளுபடி. பெட்டி பரணில் இருக்கிறது என்று பொய் சொல்லிக்கொள்ளலாம் என்பது அப்பாவின் திட்டம். மாமா வந்தார். படத்தைப் பார்க்கவில்லை. பின்பக்கம் எட்டிப் பார்த்தார். சுவரில் மாட்டும் திருகாணியின் தலை தேய்ந்திருந்தது.

"ஏன் சார், டிஸ்ப்ளே பீஸா?" என்றார் மிக மெதுவாக, துக்கம் விசாரிப்பது போல.

அந்த டிவி இன்றைக்கும் நன்றாகவே ஓடுகிறது. ஆனால் அப்பா சொல்வார்: "அத போட்டாலே படம் தெரியல, அவர் மூஞ்சிதான் தெரியுது."

அவருடைய வேலையும் இதுவாகத்தான் இருந்தது. ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பட்டறையில் தரப் பரிசோதகர். இயந்திர பாகங்களை அளந்து, சரியாக இருந்தால் பச்சை அட்டை, இல்லையென்றால் சிவப்பு அட்டை கட்டுவது. ஓய்வு பெறும் வரை அதைத்தான் செய்தார். "நூறு நல்ல பீஸ் பாஸ் பண்ணினதை ஒருத்தனும் ஞாபகம் வெச்சுக்க மாட்டான். ஒரே ஒரு தப்பு பீஸ் வெளில போயிடுத்துன்னா ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவான்" என்பார். அவர் வாயில் அடிக்கடி வந்த வாக்கியமும் அந்த இடத்தில் பிறந்ததுதான் என்று நினைக்கிறேன்: "அவசரப்பட்டா ஆயுசுக்கும் அவஸ்தை."

அந்தக் குணத்துக்குப் பின்னால் ஏதாவது விபத்து, யாருடைய விரலாவது போன கதை இருக்கும் என்று நான் தேடியிருக்கிறேன். அப்படி எதுவும் இல்லை. அவர் அப்படிப்பட்டவர், அவ்வளவுதான்.

எனக்கு அவரைப் பிடித்ததற்குக் காரணம் உண்டு. நானும் குறை கண்டுபிடிக்கும் வேலையில்தான் இருக்கிறேன், மென்பொருளில். என் மேஜையில் எப்போதும் ஒரு பட்டியல் இருக்கும். ஆனால் எங்கள் வேலையில் ஒரு தேதியும் இருக்கும். அந்தத் தேதி வந்துவிட்டால், தெரிந்த குறைகளைத் தெரிந்தபடியே வைத்துக்கொண்டு வெளியே விட்டுவிட வேண்டும். இதை நான் ஒருமுறை மாமாவிடம் சொன்னபோது அதிர்ந்துபோனார்.

"குறை இருக்குன்னு தெரிஞ்சுண்டே விட்டுடுவேளா?"

"ஆமா மாமா. அப்புறமா சரி பண்ணிக்குவோம்."

"அப்புறம்னா என்னிக்கு?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் தலையை ஆட்டிக்கொண்டே படி இறங்கினார்.

அடுத்தவர் வீட்டுப் பொருளென்றால் ஒரே நடையில் முடித்துவிடுவார். தன் வீட்டுக்கென்றால் முடியாது. ஏதாவது ஒரு குறை தெரிந்துவிடும். அதனால் அவர்கள் வீட்டில் எல்லாமே பழையது. மூடி பூட்டாத மிக்ஸி, ரெகுலேட்டரில் ஒரே ஒரு வேகம் மட்டும் வேலை செய்யும் ஃபேன், இரண்டு பேரிடமும் பட்டன் ஃபோன். ஸ்மார்ட்ஃபோன் ஒன்றை அவர் வருடக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தார். குழந்தைகள் இல்லை. வெளிநாட்டிலிருந்து வீடியோவில் கூப்பிட யாருமில்லை. மாமி என்னைக் கூப்பிட வேண்டுமென்றால் படிக்கட்டுக்கு வந்து மேலே பார்த்து ஒரு குரல் கொடுப்பார். அது போதுமானதாக இருந்தது. பெரிய குரல் அது. பால்காரரைத் தெருமுனையிலேயே நிறுத்தும்.

"மாமி, உங்களை மட்டும் எப்படி செலக்ட் பண்ணினாரு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பொண்ணு பாக்க வந்தன்னிக்கு என்னை எங்கே பாத்தார்? பஜ்ஜியைப் பிச்சுப் பிச்சுப் பாத்துண்டிருந்தார், உள்ளே வெந்திருக்கான்னு."

உள்ளேயிருந்து மாமா குரல் கொடுத்தார். "அது எங்கப்பா செலக்‌ஷன். நான் இன்னும் முடிவு பண்ணலை."

"பண்ணிடுங்கோ. வாரன்ட்டி முடிஞ்சு எத்தனையோ வருஷமாறது" என்றார் மாமி. அவர் சிரித்தால் மாடிப்படி முழுவதும் கேட்கும்.

அந்தக் குரலில் முதலில் நழுவியது 'ர'. பிறகு 'ழ'. "வாய்ல வெத்தலையை அடக்கிண்டு பேசறாப்ல இருக்குடி" என்று அவரே சொல்லிச் சிரித்தார். பல் மருத்துவரிடம் போனார்கள். அவர் வேறொருவரிடம் அனுப்பினார். கடைசியில் அடையாறில் ஒரு நரம்பியல் மருத்துவர் விளக்கினார். தசைகளை இயக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் சாகும் நோய். மாமிக்கு நாக்கிலும் தொண்டையிலும் ஆரம்பித்திருக்கிறது. பிறகு கைக்கு வரும், காலுக்கு வரும், மூச்சுக்கு வரும். நிறுத்த மருந்து இல்லை.

அங்கேயே பேச்சுப் பயிற்சி தரும் ஒரு பெண் இருந்தார். அவர் ஒரு உபாயம் சொன்னார். பேச்சு முற்றிலும் போவதற்கு முன்னால் மாமியின் குரலைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். தினம் சொல்கிற வாக்கியங்கள், அழைக்கிற பெயர்கள், கோபம், கிண்டல் எல்லாம். பிறகு ஒரு டேப்லெட்டில் அவற்றைப் பொத்தான்களாக வைத்துவிட்டால், தொட்டதும் அவர் குரலிலேயே அது பேசும். விலை உயர்ந்தது தேவையில்லை, சாதாரணமானதே போதும் என்றும் சொல்லியிருக்கிறார்.

அன்று மாலை மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை.

"ஒரு டேப்லெட் எடுக்கணும்மா. என்னென்ன பாக்கணும்னு சொல்லு."

சொன்னேன். தமிழ் எழுத்துகள் பெரிதாகத் தெரியும் அளவுக்குத் திரை. அடுத்த அறைக்குக் கேட்கும் ஒலிபெருக்கி. பலவீனமான கை தாங்கும் எடை. ஒரு நாள் நிற்கும் பேட்டரி. வேறொன்றும் வேண்டாம். இந்த நான்கும் உள்ள மூன்று மாடல்களின் பெயரையும் எழுதிக் கொடுத்தேன்.

"ஆனா மாமா, ரெகார்ட் பண்றதுக்கு அதுவரைக்கும் காத்திருக்க வேணாம். என் ஃபோன்லயே இன்னிக்கே ஆரம்பிச்சுடலாம். டேப்லெட் எப்ப வாங்கறீங்களோ அப்ப அதுல போட்டுக்கலாம்."

"உன் ஃபோன்ல மைக் எத்தனை? ஒண்ணா, ரெண்டா?"

"ரெண்டு."

"இரைச்சலை வடிகட்டுமா?"

"ஓரளவுக்கு."

"ஓரளவுக்குன்னா சரிவராதும்மா." அவர் குரல் இறங்கியது. "ஒரு தடவைதான் பிடிக்கப்போறோம். அதுக்கப்புறம் அவ கிடையாது, அவ குரல்தான். அதுல போய் இரைச்சல் இருந்தா? மைக்கெல்லாம் நன்னா இருக்கற மிஷினா எடுத்து, அதுலயே நேரா பிடிச்சுடறேன். அவசரப்பட்டா..." மீதியை அவர் சொல்லவில்லை.

இப்படித்தான் அது தொடங்கியது. என் நான்கு விஷயங்கள் அவர் கையில் நாற்பதாகின. ட்யூப்லைட் வெளிச்சம் திரையில் பளபளக்கிறதா. சார்ஜ் செய்யும் ஓட்டை ஆடுகிறதா. ஓரம் கையைக் கீறுமா. தமிழில் 'ஸ்ரீ' சரியாக வருகிறதா. ஒவ்வொரு கடையிலும் திரையின் மேல் முதலில் விரலால் பிள்ளையார் சுழி போடுவார். கோடு விரலை விட்டு ஒரு நூல் பின்தங்கினாலும் உதட்டைப் பிதுக்குவார். மைக்கைச் சோதிக்க மாமியையே கூட்டிக்கொண்டு போனார். எந்தக் குரலைப் பிடிக்கப்போகிறோமோ அந்தக் குரலை வைத்துத்தானே பார்க்க வேண்டும்? அவருடைய தர்க்கத்தில் எப்போதும் ஓட்டை இருக்காது.

ஒரு சனிக்கிழமை நானும் அவர்களோடு தியாகராய நகருக்குப் போனேன். பெரிய ஷோரூமில் குளிர்ச்சியும் உட்கார இடமும் இருந்தன. அங்கே மேஜை மேல் சங்கிலி போட்ட டேப்லெட்டில் பதிவுப் பொத்தானை அழுத்திவிட்டு மாமா, "பேசு" என்றார். மாமி சாம்பார்ப் பொடிக்குச் சேர்க்க வேண்டியவற்றைச் சொன்னார். தனியா, மிளகாய், கடலைப்பருப்பு. அப்போதே வார்த்தைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. ஆனால் அது மாமியின் குரல்தான், சந்தேகமே இல்லாமல். மாமா கேட்டுவிட்டு அடுத்ததற்கு நகர்ந்தார்.

இப்படிப் பல கடை ஏறி இறங்கிய பிறகு, உஸ்மான் சாலையிலிருந்து பிரியும் சந்தில் ஒரு சின்னக் கடை. வெயில் உள்ளே வரை வந்தது. விற்பனையாளர் இளைஞர். மாமாவைக் கண்டதும் கும்பிட்டார்.

"வா சார். நேத்தும் வந்த, முந்தாநேத்தும் வந்த. நம்ம கடைக்கு ஓனரு கூட இவ்ளோ தடவ வர்றது இல்ல சார். இன்னா, இன்னிக்காவது ஒண்ணு எட்துக்கினு போறியா?"

"அந்தக் கடைசில இருக்கே, அதைக் காட்டுப்பா."

"அதுவா? அது ரொம்ப சீப்பு சார். ஆனா நல்லா ஓடும். எங்க அக்காகூட அதான் வச்சிகினு கீது."

மாமா பிள்ளையார் சுழி போட்டார். உதட்டைப் பிதுக்கினார். இருந்தாலும் வந்தது வந்துவிட்டோம் என்று பதிவுப் பொத்தானை அழுத்தி, ஸ்டூலில் உட்கார்ந்திருந்த மாமியின் வாயருகே நீட்டினார். "பேசு."

மாமி களைத்துப்போயிருந்தார். புடவைத் தலைப்பால் வாயோரத்தைத் துடைத்துக்கொண்டார். எச்சிலை விழுங்குவது அப்போதே சிரமமாகிவிட்டது.

"என்னத்தைப் பேசறது. கால் வலிக்கறதுன்னா. ஆத்துக்குப் போலாமா?"

மாமா பதிவை ஓடவிட்டு, காதோடு வைத்துக்கொண்டார். கண்ணை மூடிக் கேட்டார். பிறகு என்னிடம் நீட்டினார்.

"பின்னாடி உஸ்ஸுனு ஒரு இரைச்சல் வரது பாரு. கேக்கறதா?"

கேட்டது. ஃபேன் சத்தம். அவர் அதைத்தான் கேட்டார். ரிஜெக்ட்.

அடுத்த வாரம் மாமா வெளியே போயிருந்த நேரமாகப் பார்த்து நான் மாமியிடம் போனேன். என் ஃபோனை எடுத்துச் சமையலறை மேடையில் வைத்தேன். "மாமி, நீங்க பேசுங்க, நான் பாட்டுக்கு ரெகார்ட் பண்ணிக்கறேன். மாமாகிட்ட சொல்ல வேணாம்."

மாமி ஈரக் கையைத் துடைத்துவிட்டு என் ஃபோனை மெதுவாகக் கவிழ்த்து வைத்தார். ஒவ்வொரு வார்த்தையாக, இடைவெளி விட்டு, எனக்குப் புரியும்படி சொன்னார்.

"அவர் தேடிண்டிருக்கார். தேடிண்டிருக்கற வரைக்கும் ஒண்ணும் ஆகலைன்னு அவருக்கு. வாங்கிட்டார்னா, நான் பேசி அதுல பிடிக்கணும். பிடிச்சாச்சுன்னா, என் வாய் போகப்போறதுன்னு அவர் ஒத்துண்டாகணும். அவரால முடியாதுடி. நீ பிடிச்சேன்னு தெரிஞ்சாலே உடைஞ்சுடுவார்."

"உங்களுக்கு?"

"எனக்கென்ன. நான் பேசினது போறும். நாப்பது வருஷமா பேசியாச்சு, எதையாவது கேட்டாரா?"

சிரித்தார். சிரிப்பில் மட்டும் எந்தக் குறையும் இல்லை. சிரிப்பதற்கு 'ர' தேவையில்லை போலும். என் ஃபோனை என் கையில் திணித்து, ஒரு டம்ளர் மோரும் கொடுத்து அனுப்பினார். அவர் சொல்லை மீறிப் பதிவு செய்யும் உரிமை எனக்கு இல்லை என்று அன்றைக்குத் தோன்றியது. இன்றைக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

ஆடித் தள்ளுபடி வந்தது. அதில் பழைய சரக்கைத்தான் தள்ளுவான் என்றார் மாமா. பிறகு ஒரு புது மாடல் வருவதாகச் செய்தி. அது வந்தால் இப்போதிருப்பதன் விலை இறங்கும் என்றார். அது வந்தது. முதல் சரக்கு, பொறுத்துத்தான் வாங்க வேண்டும் என்றார். நான் ஒருமுறை முகத்துக்கு நேராகச் சொன்னேன்: "மாமா, இதுக்கு ஒரு தேதி இருக்கு. அது உங்க கையில இல்ல." அவர் என்னைப் பார்த்தார். கோபமில்லை. அளவு சரியாக இருந்தும் ஏற்க முடியாத ஒரு பாகத்தைப் பார்ப்பது போல இருந்தது. "பாத்துண்டேதாம்மா இருக்கேன்" என்றார்.

நவராத்திரிக்கு வருடா வருடம் மாமி வீட்டில் கொலு உண்டு. அந்த வருடமும் வைத்தார்கள், மூன்று படி மட்டும். வந்தவர்களுக்கு மாமி குங்குமம் கொடுத்தார். யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. கூப்பிட முயன்றபோது வந்தது, மூக்கிலிருந்து ஒரு நீண்ட ஒலி. அதற்குப் பிறகு அவர் முயலவில்லை. கீழ்வீட்டுக் குழந்தை பயந்து அழுததால் என்று நினைக்கிறேன்.

தீபாவளிக்கு முன் மாமா டேப்லெட் வாங்கிவிட்டார்.

சொல்ல வேண்டும், அது மிகச் சிறந்த தேர்வு. அந்த விலைக்கு அதைவிட நல்லது சந்தையில் இல்லை. திரையில் வெளிச்சம் பளபளக்கவில்லை. பேட்டரி இரண்டு நாள் நின்றது. மைக்குகள் அற்புதம், ஊசி விழுந்தால் பிடிக்கும். பிடிக்கத்தான் எதுவும் இல்லை.

அதனால் நான் மாற்று வழி செய்து கொடுத்தேன். மாமி தட்டச்சு செய்வதை அந்தக் கருவியில் ஏற்கெனவே இருக்கும் ஒரு பெண் குரல் படிக்கும். செய்தி வாசிப்பவரைப் போன்ற, வயதே இல்லாத ஒரு குரல். மடியில் தலையணை வைத்து, அதன் மேல் டேப்லெட்டை வைத்தோம். மாமா எதிரில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். மாமி ஒரே விரலால் நெடுநேரம் எதையோ எழுதினார். எழுதியதைப் பேசவைக்கும் பொத்தானைத் தொட்டார்.

"இவ யாரு?" என்றது டேப்லெட்.

நான்தான் முதலில் சிரித்தேன், மாமியும் சிரித்தார். மாமாவும் சிரிக்க ஆரம்பித்தார். பிறகு எழுந்து சமையலறைக்குள் போனார். வெகுநேரம் குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

சில வாரம் அந்தக் குரல் அந்த வீட்டில் பேசியது. காபி சூடு போதாது என்றது. ஜன்னலைச் சாத்தச் சொன்னது. மாமியின் பேச்சை அது அட்சரம் பிசகாமல், சற்றும் சம்பந்தமில்லாமல் படித்தது. மாமா அது பேசும்போதெல்லாம் மாமியின் முகத்தைப் பார்க்காமல் டேப்லெட்டைப் பார்த்துப் பதில் சொல்வார். மாமி அதைக் கவனித்திருக்க வேண்டும். எழுதுவதைக் குறைத்துக்கொண்டார். பிறகு அந்த விரலும் எழும்பவில்லை. கண்ணை ஒருமுறை மூடினால் ஆமாம், இருமுறை மூடினால் வேண்டாம். தை மாதம் ஒரு மதியம் மூச்சும் நின்றது.

காரியங்கள் முடிந்து சில நாளில், கீழ்வீட்டில் ஃப்ரிட்ஜ் வாங்க வேண்டும் என்று அவரிடம் கேட்டார்கள். "எதையாவது எடுங்கோ. எல்லாம் குளிரப் பண்ணும்" என்று சொல்லியிருக்கிறார். அவர்கள் பயந்துபோய் என்னிடம் வந்து சொன்னார்கள்.

அன்றோ மறுநாளோ மாமா மாடியேறி வந்தார். மழிக்காத முகம். இந்த முறை உட்கார்ந்தார்.

"அன்னிக்குக் கடையில பேசினாளே, மைக்குல. அதெல்லாம் அதுலயே இருக்குமா?"

உண்மையைத்தான் சொன்னேன். பெரிய கடைகளில் டிஸ்ப்ளே பீஸ்களைத் தினமும் துடைத்துவிடுவார்கள். யார் எடுத்த படமும் பேசிய பேச்சும் நிற்காது. மேலும் மாடல்கள் மாறியிருக்கும்.

"ஒண்ணே ஒண்ணு பாத்துட்டு வந்துடலாமே" என்றார்.

போனோம். பெரிய கடைகள் எல்லாவற்றுக்கும். அவர் மேஜை மேஜையாகப் போய் ஒவ்வொரு டேப்லெட்டிலும் பதிவுகளைத் திறக்கச் சொன்னார். நான் திறந்தேன். காலி. காலி. சாம்பார்ப் பொடி சொன்ன இடத்தில் இப்போது கைக்கடிகாரங்கள் இருந்தன. ஒரு கடையில் பாதுகாவலர் எங்களைப் பின்தொடர்ந்தார். "பெரியவரே, வாங்குறதா இருந்தா சொல்லுங்க, இல்லன்னா வழிய விடுங்க" என்றார் ஒருவர். மாமா வழியை விட்டார். யாரிடமும் எதையும் கேட்கவில்லை. அவர் ஒரு கடைக்குள் கேள்வி கேட்காமல் நின்று நான் அன்றுதான் பார்த்தேன்.

திரும்பி பஸ் நிறுத்தத்துக்கு நடந்துகொண்டிருந்தபோதுதான் அந்தச் சந்து எனக்கு நினைவுக்கு வந்தது. அதை அவர் அப்போதே ரிஜெக்ட் செய்துவிட்டதால் இருவருமே மறந்திருந்தோம்.

அதே கடை. அதே விற்பனையாளர். மாமாவைப் பார்த்ததும் கும்பிடப் போனவர், பக்கத்தில் மாமி இல்லாததையும் தாடியையும் பார்த்துக் கையை இறக்கிக்கொண்டார்.

"அம்மா வரலியா சார்?"

நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் மேல் தட்டில் தேடினார், பிறகு கீழே குனிந்து, கவர்களுக்கும் ஒயர்களுக்கும் அடியிலிருந்து ஒன்றை இழுத்தார். திரையில் தூசி. ஓரத்தில் ஒரு விரிசல்.

"இதானே? யாரும் வாங்கல, அப்டியே கெடக்குது. சார்ஜு கூட இல்ல. இரு, போட்டுப் பாப்போம்."

சார்ஜ் ஏறும் வரை மாமாவுக்கு ஸ்டூலைப் போட்டார். மாமி உட்கார்ந்திருந்த ஸ்டூல். திரை ஒளிர்ந்ததும் பதிவுகளைத் திறந்தேன். நிறைய இருந்தன. அந்தக் கடையில் யாரும் எதையும் துடைப்பதில்லை. ஒவ்வொன்றாக ஓடவிட்டேன். ஒரு குழந்தையின் கத்தல். "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்." யாரோ பாதிப் பாட்டு. யாரோ ஒருவன் நண்பனைத் திட்டிவிட்டுச் சிரிப்பது. பிறகு ஒரு இருமல், எனக்குத் தெரிந்த இருமல். "பேசு."

"என்னத்தைப் பேசறது. கால் வலிக்கறதுன்னா. ஆத்துக்குப் போலாமா?"

பின்னால் ஃபேன் இரைந்துகொண்டிருந்தது. மாமா இரண்டு கையையும் நீட்டினார், கோவிலில் பிரசாதம் வாங்குவது போல. கொடுத்தேன்.

"மாமா, அந்த ஃபைலை மட்டும் காப்பி பண்ணிக்கலாம். ஒரு நிமிஷம்" என்றேன். அவர் கையில் கொடுக்கும் முன்பே என் ஃபோனுக்கு ஒரு பிரதி அனுப்பியிருந்தேன். அது என் பழக்கம்.

அவர் தலையை ஆட்டினார். "இதுதான் வேணும்."

விற்பனையாளர் தவித்துப்போனார். "சார், அது டிஸ்ப்ளே பீஸு சார். பாக்ஸ் இல்ல, வாரன்ட்டி இல்ல. இங்க பாரு, ஸ்க்ரீன்ல கோடு வேற கீது. உனக்குத் தெரியாததா? வேணாம் சார், இந்தம்மா சொல்றாப்ல காப்பி எட்துக்கோ."

மாமா சட்டைப் பையிலிருந்து பணத்தை எடுத்து மேஜை மேல் வைத்தார். விலை என்ன என்று கேட்கவில்லை. பில் கேட்கவில்லை. திரையின் தூசியை வேட்டி நுனியால் துடைத்தார், துடைக்கும்போது விரல் பட்டுப் பதிவு மறுபடி ஓடியது.

"கால் வலிக்கறதுன்னா. ஆத்துக்குப் போலாமா?"

"போலாம், வா" என்று சொல்லி எழுந்தார்.